சீரியல் வீட்டைப் பார்க்கப் போன ஞாயிறு

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் எதிரெதிரே இருக்கின்றன. கட்டிலில் என் மாமனார். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சில் இரண்டு மூன்று சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. "தண்ணி" என்பது ஒன்று. "ஏய்" என்பது இன்னொன்று; அது மாமியாரைக் கூப்பிடுவதற்கு. கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாமியார்.

மாமனார் கஞ்சி குடிப்பது மாமியார் கையால் மட்டும்தான். மகன் ஊட்டினாலும் நான் ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். பகலுக்கு மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திப் பார்த்தோம். அவள் வந்த நாட்களில் அவர் எதையும் விழுங்கவில்லை. அந்தப் பெண்ணே பயந்து, வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டாள். அதனால் மாமியார் வீட்டை விட்டுப் போவது காய்கறி வண்டி வந்து நிற்கும் கேட் வரைக்கும் என்றாயிற்று. வடலூர் எங்களுக்கு ஒரு டவுன் பஸ் தூரம். மாதந்தோறும் பூசத்துக்கு வள்ளலார் சபைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டார். நெல்லிக்குப்பத்தில் அவருடைய அண்ணன் இறந்தபோது ஆட்டோவில் போனார், முகத்தைப் பார்த்தார், எடுப்பதற்கு முன்பே அதே ஆட்டோவில் திரும்பி வந்து கஞ்சி கரைத்தார். அன்று அவர் அழுததை நான் பார்க்கவில்லை. சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பத்திரிகையில் வேலை பார்த்தவள். கடலூர், விழுப்புரம் மாவட்டப் பக்கங்களைத் தயாரிக்கும் மேசையில் இருந்தேன். அந்த மேசையைச் சென்னையோடு சேர்த்தார்கள். நான் சென்னைக்குப் போக முடியவில்லை. இப்போது உள்ளறையில் உட்கார்ந்து ஓர் இணையதளத்துக்குச் செய்தி திருத்துகிறேன். இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவு இல்லை, திரைச்சீலைதான். சாயங்காலம் தொடங்கி, யாரோ ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேற்றப்படும் சத்தத்துக்கு நடுவில்தான் என் தலைப்புகள் உருவாகின்றன.

மாமியார் கதைக்காகச் சீரியல் பார்ப்பவர் இல்லை. "கதை எங்க போவப்போவுது, அது அங்கியே நின்னுகினு இருக்கும்" என்பார். அவர் பார்ப்பது வீடுகளை. வளைந்து இறங்கும் மாடிப்படி, படியடியில் பித்தளை விளக்கு, யாரும் ஆடாத ஊஞ்சல், எண்ணெய்ப் பிசுக்கே ஏறாத சமையலறை. ஒருநாள் ஒரு சீரியலில் நீதிபதியின் வீட்டைக் காட்டினார்கள்.

"இது அந்தக் கொலகாரன் வூடும்மா" என்றார் மாமியார். "தெரைய மாத்திட்டு ஜட்ஜு வூடுன்றானுங்க."

போனில் பழைய பகுதியைத் தேடி எடுத்து நிறுத்திப் பார்த்தோம். அதே படி, அதே கைப்பிடி, கைப்பிடியின் முனையில் அதே உடைந்த மரப்பூ. அதற்குப் பிறகு அது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. மூன்று சேனல்களில், ஐந்தாறு குடும்பங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்து, சொத்துக்குச் சண்டையிட்டு, விஷம் வைத்துக்கொண்டிருந்தன. மாமியாருக்கு அந்த வீட்டின் மீது ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது. "எத்தன பேரு வந்து பூந்தாலும் அது பாட்டுக்கு இருக்குது பாரு" என்று சொன்னார்.

அந்த வீடு சென்னை வளசரவாக்கத்தில் இருக்கிறது என்பது ஓர் அறிவிப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சீரியல் எடுக்கும் தெருக்களில் நடந்தே போய், படப்பிடிப்புக்கு விடப்படும் வீடுகளைப் பார்க்கும் பயணம் ஒன்றை இரண்டு இளம்பெண்கள் நடத்துகிறார்கள். படத்தில் உடைந்த மரப்பூ இருந்தது. படப்பிடிப்புக்கு விடுமுறை வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடை. நான் போன் செய்தேன்.

"ஆன்ட்டி, ரொம்ப ஸ்லோவாதான் நடப்போம். டீ பிரேக் இருக்கு" என்றாள் ஒருத்தி. "அந்தப் படிக்கட்டு வீட்டுக்குள்ளயே கூட்டிட்டுப் போறோம். ஆனா இதுதான் லாஸ்ட். அந்த வீட்டை இடிச்சு அபார்ட்மென்ட் கட்டப்போறாங்க."

மாமியாரிடம் சொன்னேன். "எனுக்கு என்னாத்துக்கு அதெல்லாம்" என்று சொல்லி, கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனார். பாத்திரம் தேய்த்து முடிந்தது, மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டாயிற்று, வாசல் தெளித்தாயிற்று. உள்ளே வந்து திரைச்சீலையை விலக்கிக் கேட்டார்:

"ரயிலு எப்ப கெளம்புது?"

நெய்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரே நாளில் ரயிலில் போய்வருவது கேட்பதற்குத்தான் எளிது. ஊரில் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே நிற்கும் ரயில்கள் எங்கள் காரியத்துக்கு ஒத்துவராது. விருத்தாசலம் போய்க் காலை ரயிலைப் பிடித்தால் நண்பகலில் சென்னை, பிற்பகலில் நடை, ராத்திரி ரயிலில் திரும்பி விருத்தாசலத்தில் இறங்கலாம். பஸ்ஸில் மாமியாரால் நிற்க முடியாது என்பதால் இரண்டு பக்கமும் எங்கள் குடியிருப்பு வட்டத்து ஆட்டோக்காரரே வர ஒப்புக்கொண்டார். பெரிய செய்திக்கு ஆளனுப்பும்போது போடுகிற திட்டம் போலத்தான் இதையும் போட்டேன். எங்கே கழிப்பறை, எங்கே படி ஏற வேண்டும், ரயில் தாமதமானால் எங்கே சாப்பாடு என்று எல்லாவற்றையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சென்னையில் பழைய தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளை எழும்பூர் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தேன். ஒரு காபி குடிக்கும் நேரத்துக்கு, செய்தியைப் பற்றி மட்டும் பேசும் ஒருத்தியோடு உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்தது.

எதிர் குவார்ட்டர்ஸ் அக்காவும் வருவதாகச் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மாமியாரை மதினி என்று கூப்பிடுவார். மூன்று டிக்கெட் எடுத்தேன்.

மாமியார் பழக்கமில்லாமல் நடந்து கால் வீங்கிவிடக் கூடாதே என்று, விடிகாலையில் மாமனார் தூங்கும்போது எங்கள் வட்டத்தை ஒரு சுற்று சுற்றிவர ஏற்பாடு செய்தோம். நான் கட்டிலருகே இருப்பேன். அக்கா கூடப் போவார். முதல் நாள் பாதியிலேயே மாமியாருக்கு மூச்சு வாங்கியது.

"மதினி, எதுக்கு இந்த ஓட்டம்? சீரியல்ல அவுக மாடிப்படி எறங்குததுக்கே ஒரு வாரம் ஆவுது. நீங்க மெதுவா நடந்தாப் போதும்" என்றார் அக்கா.

"நீ வாய மூடிகினு வாடி. பேசிகினே நடந்தாதான் எனுக்கு மூச்சு வாங்குது."

"நான்லா பேசுதேன்? உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

அந்தச் சிரிப்பு ஜன்னல் வழியாக முன்னறைக்கு வந்தது. மாமனார் கண்ணைத் திறந்து நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. "ஏய்" என்றார். நான் எழுந்து பக்கத்தில் போனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு ஊட்ட என் கணவருக்குக் கற்றுக்கொடுப்பது அடுத்த வேலை. மாமியார் சொல்லச் சொல்ல அவர் செய்தார். ஸ்பூனை இடது கடைவாயில் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பேசக் கூடாது. விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் கோபம் வந்துவிடும். முதல் சில நாட்கள் கஞ்சி பனியனில் வடிந்தது. பிறகு ஒருநாள், பாதிக் கிண்ணம் போலக் குடித்தார். மகனுடைய கை என்று ஒத்துக்கொண்டாரா, பசியா, தெரியவில்லை. மாமியார் அதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். "ஏதோ எறங்குது" என்றார். அன்றைக்குத்தான் எந்தப் புடவை என்று பேச ஆரம்பித்தார்.

எந்த ஞாயிறு என்பதை ஷிப்டுதான் தீர்மானித்தது. இந்த ஊரில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள்கூட முதலில் ஷிப்ட் சார்ட்டைத்தான் பார்ப்பார்கள். நடை நடக்கிற ஞாயிறும் என் கணவருடைய நைட் ஷிப்ட் வாரத்தின் கடைசியும் பொருந்தி வந்தன. சனிக்கிழமை ராத்திரி வேலைக்குப் போய் ஞாயிறு காலை வருவார். அதன் பிறகு அவருக்கு வார ஓய்வு. ஷிப்ட் பஸ் அவரை இறக்கிவிட்டதும் அவர் நாற்காலியில் உட்காருவார், நாங்கள் ஆட்டோவில் ஏறுவோம். லீவு போடலாமே என்று கேட்கலாம். மாமனாரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது எல்லா லீவும் போய்விட்டது.

அவருக்கு வேலை சுரங்கத்தில், நீர் இறைக்கும் பம்புகளைக் கண்காணிப்பது. நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இறைப்பது நின்றால் சுரங்கத்தின் தரை பொங்கிவிடும் என்பார்கள். அதனால் அடுத்த ஷிப்டுக்கான ஆள், ரிலீவர் என்பார்கள், வந்து உட்காரும் வரை முந்திய ஆள் எழுந்திருக்கக் கூடாது. வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சரி. மாமனாரும் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். ரிலீவர் வராமல் மனிதர் வீடு திரும்பாத தீபாவளிகள் பற்றி மாமியாரிடம் நிறைய கதை உண்டு.

ஆகவே ரிலீவரைப் பற்றி நான் கேட்டேன்.

"அவரு லீவு. அக்கா பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் கணவர். "பதிலுக்கு ஆள் போட்டாச்சு. நீ கவலைப்படாத."

சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்பு. குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவர் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஷிப்டுக்குக் கிளம்புமுன் வீட்டுக்கு வந்து தாம்பூலப் பையைக் கொடுத்தார். தேங்காய், வெற்றிலை, ஒரு லட்டு. லட்டைப் பிட்டு ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டோம். "ஊரே அங்கதான் இருக்கு. நம்ம செக்‌ஷன்ல பாதிப் பேரு அந்த ஊருதானே" என்று அவரே சொன்னார். முகூர்த்தம் காலையிலேயே என்றும் சொன்னார். நான் லட்டு நன்றாக இருக்கிறது என்றேன். பதிலுக்குப் போட்ட ஆள் எந்த ஊர்க்காரர் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. செய்தி மேசையில் இருந்தபோது ஆள் எந்த ஊர் என்று கேட்காமல் நான் ஒரு வரியைக்கூட அச்சுக்கு அனுப்பியதில்லை.

அன்றிரவு மாமியார் மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னார். அதுவரை சொல்லவில்லை. குனிந்து, காதருகே, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: "நாளைக்கு நான் பட்டணம் போறேன். காலைல போய்ட்டு ராத்திரி வந்துருவேன். புள்ள இருப்பான்." மாமனார் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்திருந்தது.

காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது மாமியார் தயாராக இருந்தார். நீலத்தில் மெல்லிய சரிகைக் கரை போட்ட புடவை. தலையில் கனகாம்பரம். புளிச்சோற்றுப் பொட்டலங்களும் தண்ணீர் பாட்டிலும் பையில். மாமனாருக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, காலைக் கஞ்சியும் கொடுத்து முடித்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர் போல.

ஆட்டோ வந்தது. அக்கா அதில் ஏறியே உட்கார்ந்துவிட்டார். ஷிப்ட் பஸ்ஸின் சத்தம் மெயின் ரோட்டில் கேட்டது. நின்றது. போனது. தெருமுனையில் யாரும் திரும்பி வரவில்லை.

போன் அடித்தது.

"ஆள் வரல" என்றார் கணவர். பின்னால் பம்புகளின் இரைச்சல். "பதிலுக்குப் போட்டவன் பொண்ணு வீட்டுக்குப் பங்காளியாம். எனக்கு எப்பிடித் தெரியும்? போன் போட்டா நாதஸ்வரம் கேக்குது. 'அண்ணே, தாலி கட்டி முடிஞ்ச உடனே வந்துடறேன், கொஞ்சம் புடிச்சிக்கோங்கண்ணே'ன்றான். இனிமே தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, அங்கேர்ந்து வண்டிய எடுத்து... பத்து மணி ஆயிடும்."

"வேற யாரையும் கேட்கலியா?"

"எல்லாரும் அங்கதான் இருக்கானுங்க. நான் எந்திரிக்க முடியாது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். மாமியாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் போனை வைக்குமுன்னரே அவர் பையைத் தரையில் வைத்துவிட்டார்.

"வரலியா?"

"கல்யாண வீட்டுல இருக்காராம். இவர் வர பத்து மணி ஆயிடுமாம்."

"சரி வுடு." அவர் குரலில் வருத்தம் இல்லை. பழகிய ஒரு காரியத்தைச் செய்பவரின் சுறுசுறுப்புதான் இருந்தது. "நீயும் அவளும் போய்ட்டு வாங்க. டிக்கெட்டு வீணாவக் கூடாது. அங்க போயி போன்ல காட்டு. நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்."

தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுக்கக் கையைத் தூக்கினார். நான் சொன்னேன்:

"அத்த, நீங்க போங்க. நான் இருக்கேன்."

"உன் கையால குடிக்க மாட்டாரு."

"குடிக்கலன்னா உங்க புள்ள வந்து பார்த்துக்கட்டும்."

"அவன் வர பத்து மணின்றான். வந்தா தூக்கத்துல வுழுவான்."

"அப்படின்னா பசியோட இருக்கட்டும்."

இதைக் கட்டிலுக்கு முன்னாலேயே சொன்னேன். மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா இறங்கி வாசலுக்கே வந்துவிட்டார். ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது.

"ஒரு நாளு சாப்பிடலன்னா அண்ணாச்சி கரைஞ்சா போயிருவாக? வாங்க மதினி. வீட்ட இடிச்சிட்டான்னா பொறவு செங்கலத்தான் பாக்கணும்."

"நீ சும்மா இருடி."

"நான் சும்மா இருந்தா ரயிலு சும்மா இருக்குமா?"

"ஏய்" என்றார் மாமனார்.

மூவரும் திரும்பினோம். அவர் மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க, "ஏய்" என்றார்.

மாமியார் போய் அவர் போர்வையைச் சரி செய்தார். தலையணையை நிமிர்த்தினார். அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். "மருமவ இருக்குது" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டியபோது வார் சரியாக ஏறவில்லை. ஏறாமலேயே இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்தார். ஆட்டோ வேப்பமரத்தைக் கடந்து திரும்பியது.

நான் பயணத்துக்குக் கட்டிய புடவையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். தோழிக்குச் செய்தி அனுப்பினேன்: இன்று வர முடியவில்லை. அவளிடமிருந்து கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது.

முன்னறைக்கு அதுவரை நான் வந்துபோயிருக்கிறேனே தவிர, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னலில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் வேப்பமரத்தின் ஒரு கிளையும் தெரிகின்றன. கேட் தெரிவதில்லை. ஜன்னல் விளிம்பில் சாம்பல் நிறத் தூசி. துடைத்தாலும் மதியத்துக்குள் திரும்ப வந்துவிடும். அனல் மின் நிலையத்தின் சத்தம் உள்ளறையில் கேட்டதில்லை. இங்கே அது இருக்கிறது, யாரோ அடுத்த அறையில் விடாமல் மூச்சு விடுவது போல. தொலைக்காட்சியை ஏன் எப்போதும் சத்தமாக வைக்கிறார் என்று மாமியாரிடம் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன்.

கஞ்சி கரைத்துக்கொண்டு வந்தேன். இடது கடைவாயில் தொட்டேன். காத்திருந்தேன். பேசவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. பல் இறுகியது. கஞ்சி தாடை வழியே கழுத்துக்கு இறங்கியது, துடைத்தேன். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஒரு முறை. அதே.

கணவர் பத்துக்கு மேல்தான் வந்தார். கண் சிவந்திருந்தது. கல்யாண வீட்டிலிருந்து வந்தவன் மன்னிப்புக் கேட்டு இன்னொரு தாம்பூலப் பையைக் கொடுத்திருந்தான். அதை மேஜையில் வைத்துவிட்டு, "அம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றேன். "நிஜமாவா?" என்றார். கிண்ணத்தை எடுத்து அவரும் முயன்றார். ஒத்திகையில் திறந்த வாய் அன்று திறக்கவில்லை. "அம்மாவப் பழி வாங்குறாரு" என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்தார். பேசிக்கொண்டே தூங்கிவிட்டார்.

ரயிலிலிருந்து அக்கா ஒரு படம் அனுப்பினார். ஜன்னலோர இருக்கையில் மாமியார், கையில் பாதி கடித்த முறுக்கு, முடி பறந்து முகத்தில் விழுந்திருந்தது. அதோடு வேறு செய்தி இல்லை. மாமனார் சாப்பிட்டாரா என்று கேட்டு போன் வரும், வரும் என்று காத்திருந்தேன். வந்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். இல்லை என்றால் அந்த நாள் மாமியாருக்கு அங்கேயே முடிந்துவிடும். குடித்தார் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மாலைக்குள் மாமனாருக்கு மயக்கம் ஏதும் வந்தால்?

மதியமும் பல்லைக் கடித்தார். தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு இறங்கியது. உள்ளே கணவருடைய குறட்டை. வாசற்கதவைத் திறந்து வைத்தேன், தெருநாய் உள்ளே வந்தது, மூடினேன். இணையதளத்திலிருந்து மூன்று செய்திகள் திருத்தத்துக்கு வந்து காத்திருந்தன. கணினி உள்ளறையில் இருந்தது. நான் எழுந்தபோதெல்லாம் கட்டிலில் இருந்தவர் முனகினார், உட்கார்ந்தால் நிறுத்தினார்.

சாயங்கால வெயில் ஜன்னலுக்கு வந்தபோது போன் அடித்தது. என் கை கஞ்சியாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். தெருச் சத்தம், பல பேர் சிரிக்கும் சத்தம்.

"சாப்புட்டாரா?" என்றார் மாமியார்.

"இல்ல, அத்த. தண்ணி மட்டும் கொஞ்சம்."

பின்னால் அக்காவின் குரல்: "மதினி, செருப்பக் கழத்திட்டு உள்ள வரச் சொல்லுதாக! எல்லாரும் போயாச்சு!"

"அவன் குடுத்தானா?"

"குடுத்தார். வாங்கிக்கல."

திரும்பிவருகிறேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னாலும் ராத்திரி ரயில்தான்; சொல்லிவிட்டு அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

"தண்ணி எறங்குச்சில்ல, போதும்" என்றார். "கெஞ்சிகினு நிக்காத. கெஞ்சினா இன்னும் பண்ணுவாரு. பசிச்சா குடிக்கட்டும். நான் உள்ள போறேன், கூப்புடுறாங்க."

போன் அணைந்தது.

மாமனார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சு போயிருக்கிறதே தவிர, காது நன்றாகக் கேட்கும். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கழுவலாமா வைக்கலாமா என்று நின்றேன். பிறகு கஞ்சியைச் சூடாக்கி, உப்பு பார்த்து, கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கெஞ்சவில்லை. ஊட்டவும் முயலவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் ஏதோ பழைய படத்தைப் பார்த்தேன். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தது.

அவருடைய இடது கை என் முழங்கையைத் தொட்டது. திரும்பினேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்கள் கூரையைப் பார்த்தன. கடைவாயில் ஸ்பூனைத் தொட்டேன். தொண்டை ஏறி இறங்கியது. கிண்ணம் முழுவதும் குடித்தார். நான் அவருடைய தொண்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்பூனின்போதுதான், நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் இவருக்கு ஊட்ட ஒருவர்தான் என்று இருந்தது. அது மாறிவிட்டது. கணவர் எழுந்து வந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அட, பரவாயில்லையே!" என்றார். அதிலிருந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மாமியார் சமையலறையில் நொய் களைந்துகொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வீட்டைப் பற்றிச் சொன்னார். டி.வி.யில் தெரிகிற அளவுக்கு அது பெரிதில்லையாம். சமையலறைக்குக் குழாயே கிடையாதாம். வந்தவர்கள் எல்லோரும் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். இவர் படியின் நடுவில் உட்கார்ந்து, எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாராம். "யாரும் எந்திரின்னு சொல்லல" என்றார்.

பிறகு கேட்டார்: "கஞ்சி குடிச்சாராமே. அவனா குடுத்தான்?"

"இல்ல, அத்த. நான்தான்."

அவர் கை தண்ணீரில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அய்யய்ய, மாட்டிகினியா நீ?" என்றார்.

நொய்ப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எதிர் குவார்ட்டர்ஸில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.